சான்றிதழும் காட்டன் வேஸ்ட்டும்

கான்கிரீட் கியூபை நசுக்கிப் பார்க்கும் இயந்திரம் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்: காலிபரேஷன் முடிந்த தேதி, அடுத்து செய்ய வேண்டிய தேதி. பல சோதனைக்கூடங்களில் பராமரிப்பு என்றாலே அந்த ஸ்டிக்கரைப் புதுப்பிப்பது என்றாகிவிட்டது. இந்த வழக்கத்தின் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஐஎஸ்ஓ 7500-1 நியமப்படி, முதல் வகுப்பு இயந்திரம் காட்டும் விசை உண்மையான விசையிலிருந்து 1 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. பிரித்து இடம் மாற்றினாலோ, பெரிய பழுது பார்த்தாலோ மறுபடி சரிபார்க்க வேண்டும். தேசிய அளவுத்தரங்களோடு ஒப்பிட்ட கருவியைக் கொண்டுதான் இந்தச் சரிபார்ப்பு நடக்கிறது. சென்னையில் உடைத்த கியூபையும் கோவையில் உடைத்த கியூபையும் ஒரே கணக்கில் வைத்துப் பேச முடிவது இதனால்தான்.

ஆனால் அந்தச் சான்றிதழ் எதை அளந்தது? சரிபார்க்கும் நாளில் லோடு செல்லை நட்ட நடுவில் வைத்து, விசையை நேர் அச்சில் செலுத்துகிறார்கள். திரையில் தெரியும் எண் சரியா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்கிறது. விசை கியூபுக்குள் எப்படி இறங்குகிறது என்ற கேள்விக்குக் கிடைப்பதில்லை. 150 மி.மீ. எம்25 கியூப் தன் பெயருக்குரிய வலிமையைத் தொட 562.5 கிலோ நியூட்டன், ஏறத்தாழ 57 டன் சுமை தேவை. முந்தைய கியூபின் சில்லு ஒன்று கீழ்த்தட்டில் ஒட்டியிருந்தால் அந்தச் சுமை முதலில் அந்தப் புள்ளியில்தான் குவியும். கியூப் தன் வலிமையைக் காட்டுமுன் விரிசல் விடும். தட்டுகளைத் துடைத்துவிட்டு, கியூபின் முகத்தில் ஒட்டிய மணலையும் நீக்கிய பிறகே சோதிக்க வேண்டும் என்று ஐஎஸ் 516 சொல்வது இதற்காகத்தான். ஒரு கைப்பிடி காட்டன் வேஸ்ட்டில் முடிகிற வேலை. மேல்தட்டைத் தாங்கும் பந்துக்கிண்ண மூட்டு இன்னும் நுட்பமானது. கியூபைத் தொடும் கணத்தில் அது தாராளமாகத் திரும்பி முகத்தோடு படிய வேண்டும். சுமை ஏறிய பின் அசையக் கூடாது. துருப்பிடித்தால் படியாது. நல்லது செய்வதாக நினைத்துக் கனமான கிரீஸை அப்பினால், சுமைக்கு நடுவிலும் சாய்ந்துகொண்டே இருக்கும். ஏஎஸ்டிஎம் சி39 அங்கே சாதாரண மோட்டார் ஆயிலைப் போடச் சொல்கிறது, உயர் அழுத்த கிரீஸைத் தவிர்க்கச் சொல்கிறது. இழுவிசைச் சோதனையிலும் இதே கதைதான்: முறுக்குக் கம்பியிலிருந்து உதிரும் இரும்புச் செதில் தாடைப் பற்களை அடைத்துக்கொண்டால் கம்பி வழுக்கும், நீட்சிக் கணக்கு பொய்யாகும்.

நியமங்கள் இதையெல்லாம் மறந்துவிடவில்லை. விசையைச் சரிபார்க்குமுன் இயந்திரத்தின் பொதுநிலையைப் பார்க்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ 7500-1 சொல்கிறது. ஐரோப்பிய நியமமான ஈஎன் 12390-4, ஸ்ட்ரெயின் கேஜ் பொருத்திய உருளையைக் கொண்டு மேல்தட்டு ஒழுங்காகப் படிகிறதா என்றே சோதிக்கிறது. நாம்தான் விசை எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

அழுக்குத் தட்டில் முடிவு குறைவாகத்தானே வரும், அது பாதுகாப்பான பக்கம்தானே என்று சிலர் கேட்கலாம். நல்ல கான்கிரீட் தோற்றால் ஸ்லாபைத் துளைத்துக் கோர் எடுக்க வேண்டிவரும், வேலை நிற்கும், அடுத்த கலவையில் தேவையில்லாமல் சிமென்ட் கூடும். இவற்றைவிடக் கவலைக்குரியது, பிழை எப்போதும் அந்தப் பக்கமே விழுவதில்லை என்பது. எண்ணெய் அழுத்தத்திலிருந்து விசையைக் கணக்கிடும் இயந்திரங்களில், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான உராய்வும் சுமையாகவே பதிவாகும். ஃபில்டரைக் கவனிக்காமல் விட்டு, எண்ணெயில் சேர்ந்த தூசு பிஸ்டனைக் கீறினால் உராய்வு ஏறும். கியூபுக்குப் போய்ச் சேராத விசையையும் மீட்டர் காட்டும். பலவீனமான கான்கிரீட் தேறிவிடும். ஆண்டுச் சரிபார்ப்பு இதைப் பிடித்துவிடும் என்பது உண்மை. அதற்குள் எத்தனை தூண்கள் எழும்பியிருக்கும்?

அப்படியானால் மாதம் ஒருமுறை பிரித்து மாட்டிவிடலாமா? அதுவும் ஆபத்து. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கடலோர விமானப்படையை ஆராய்ந்த வாடிங்டன், திட்டமிட்ட பராமரிப்பு முடிந்த கையோடுதான் எதிர்பாராத பழுதுகள் அதிகமாவதைக் கண்டார். நன்றாக ஓடுவதைத் திறந்தால் புதுக் கோளாறும் உள்ளே போகும். ஆகவே துடைத்தல், பார்த்தல், எண்ணெயிடுதல் ஆகியவை அன்றாடம் வேண்டும். கழற்றுவது அறிகுறி தெரிந்தால் போதும். தினசரிப் பதிவேடு இருக்கிறதே என்பார்கள். முப்பது நாளுக்கும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் டிக் போட்ட பதிவேடு எதற்கும் சாட்சியாகாது.

நம்பத்தக்க சாட்சி உடைந்த கியூபிலேயே இருக்கிறது. சுமை சீராக இறங்கியிருந்தால் நான்கு பக்கமும் ஏறத்தாழ ஒரேபோல் உதிர்ந்து, நடுவில் இரண்டு கூம்புகள் முனையோடு முனை சேர்ந்தாற்போல மிஞ்சும். ஒரு பக்கம் மட்டும் நொறுங்கி எதிர்ப்பக்கம் முழுசாக நின்றால், எண்ணை நம்புமுன் தட்டையும் மூட்டையும் பார்க்க வேண்டும். இதைப் படம் எடுத்து அறிக்கையோடு இணைக்க இன்று தனிச் செலவு எதுவும் இல்லை. வீடு கட்டுவோரும் பொறியாளர்களும் காலிபரேஷன் சான்றிதழைக் கேட்கும்போதே, உடைந்த கியூபின் நான்கு பக்கப் படத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.