பேய்ப்படங்களில் பெண்ணும் சினமும்

தமிழ் இலக்கியத்திற்குப் பேய் புதிதன்று. புண்பட்டுக் கிடக்கும் வீரனைப் பேய் அணுகாதவாறு மனைவி காத்து நிற்பதைத் தொல்காப்பியர் காஞ்சித்திணையின் ஒரு துறையாகவே வகுத்தார். சிலப்பதிகாரத்தில் இடாகினிப் பேய் இளம்பெண் வடிவில் வந்து, மாலதியின் கையிலிருந்த மாற்றாளின் இறந்த குழவியைக் கவர்ந்து செல்கிறது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் அட்டு உண்கின்றன. காரைக்காலம்மையாரோ பேய்வடிவைத் தாமே வேண்டிப் பெறுகிறார். இத்துணை வகைப் பேய்களைக் கண்ட மொழியில், இன்று பெருந்திரளான மக்கள் காணும் பேய்ப்படங்கள் பெண்ணை எவ்வாறு படைக்கின்றன என ஆராய்தல் இலக்கிய மாணவர்க்குப் புறம்பான பணி ஆகாது.

பேய்ப்படத்தின் மாந்தர் பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்டவர்கள். பாழடைந்த மாளிகையின் காவற்காரன், அஞ்சி நடுங்கி நகைப்பூட்டும் துணைவன், மந்திரவாதி, அம்மாளிகையிற் புதிதாகக் குடிபுகுந்த மனைவி, அநீதியால் மாண்ட பெண்ணொருத்தியின் ஆவி என வரும் இவர்கள் படந்தோறும் பெயர் மாறுவரேயன்றித் தொழில் மாறுவதில்லை. வகைமாந்தர் வருதல் மட்டுமே ஒரு படைப்பிற்குக் குறை எனல் பொருந்தாது. அகப்பாட்டில் வரும் தலைவன், தலைவி, தோழி, செவிலி ஆகியோரும் வகைமாந்தரே. ஆயினும், தலைவி தன் நெஞ்சைத் தானே உரைக்கிறாள். பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவனுக்கு வாயில் மறுக்கிறாள். பேய்ப்படத்து மனைவிக்கு இவ்வுரிமை இல்லை. அவள் அஞ்சலாம், அழலாம், தன் பொருட்டுச் சினத்தல் மட்டும் ஆகாது. சினம் முழுவதும் ஆவிக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. இப்பாகுபாடே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

பி. வாசு இயக்கி 2005இல் வெளிவந்த ‘சந்திரமுகி’ இதற்குத் தக்க சான்று. கங்கை கணவனிடம் அன்புடைய குலமகள். சந்திரமுகியோ, வேட்டையன் என்னும் மன்னனால் காதலனை இழந்து, தானும் எரியுண்டு மாண்ட ஆடல்மகள். ஒருத்தியின் உடலில் மற்றொருத்தி எழுகிறாள். குலமகளும் ஆடல்மகளும் என்னும் பழம்பிரிவே இங்கு மீண்டும் வருகிறது எனலாம். இப்பிரிவிற்கு மொழியும் துணைசெய்கிறது. சந்திரமுகி பேசுவது தெலுங்கு. இப்படத்திற்கு மூலமான ‘மணிச்சித்ரதாழ்’ என்னும் 1993ஆம் ஆண்டு மலையாளப் படத்தில், அவ்வாடல்மகள் தஞ்சையிலிருந்து வந்த நாகவல்லி; அவள் பேசுவது தமிழ். 2007இல் இந்தியில் எடுக்கப்பட்டபோது அவள் மஞ்சுளிகை என்னும் வங்கப் பெண் ஆனாள். ஒவ்வொரு மொழியினரும் சினங்கொண்ட பெண்ணைத் தம் மொழிக்கு அப்பால் நிறுத்தியமை இதனாற் புலனாகும். தம் வீட்டுப் பெண் இவ்வாறு சினவாள் என்னும் நம்பிக்கையைக் காப்பதற்கு அயல்மொழி ஒரு வேலியாக நின்றது.

முடிவும் நோக்கத்தக்கது. சந்திரமுகிக்கு இழைக்கப்பட்டது கொடுமை என்பதைப் படமே ஒப்புகிறது. எனினும், இறுதியில் வழங்கப்படுவது தீர்ப்பன்று; மருத்துவம். பொம்மை ஒன்றை வேட்டையனாகக் காட்டி, பழி தீர்ந்ததென அவளை நம்பச்செய்து, மருத்துவன் கங்கையை மீட்கிறான். நீதி நாடகமாக நடிக்கப்பெறுகிறது. மனைவி மட்டும் கணவனிடம் ஒப்படைக்கப்படுகிறாள்.

இதனோடு நம் பழங்கதைகளை ஒப்பிடுக. கண்ணகி குலமகள், அவள் சினந்தபோது வேறொருத்தியின் ஆவி அவளுக்குத் தேவைப்படவில்லை. வாயிற்காவலன் அவளைத் தெய்வங்களோடு ஒப்பிட்டு அஞ்சினும், அவையில் வழக்குரைத்தவள் கோவலன் மனைவியாகிய அவளே. பழையனூர் நீலி கதையில், கணவனாற் கொலையுண்டவள் பேயாகித் தன் பழியைத் தானே முடிக்கிறாள். அவள் சொல்லை நம்பி அவனுக்குப் பிணைநின்ற வேளாளர் எழுபதின்மர் தம் வாக்கிற்காகத் தீப்பாய்கின்றனர். கொலைக்கு விலை ஊர் முழுவதும் கொடுக்க நேர்கிறது. நீலகேசி ஆசிரியர் நீலி என்னும் பேயையே சமண வாதியாக்கி, பிற சமயத்தாரை வாதில் வெல்லச் செய்தார். அஞ்சத்தக்கவளுக்கு அறிவும் வாதத்திறனும் உண்டு எனக் கண்ட நூல் அது.

பேய்ப்படம் பெண்ணுக்கு வலிமை தருகிறது என்பாரும் உளர். இராகவா லாரன்சின் ‘காஞ்சனா’ (2011) அவர்க்குச் சான்றாகலாம். மருத்துவமனைக்கென வாங்கிய நிலத்தைப் பறிகொடுத்துக் கொலையுண்ட திருநங்கை ஒருவரின் துயரை அப்படம் மதிப்புடன் கூறுகிறது. இது நல்ல வளர்ச்சியே. ஆயினும், அவர் பழிதீர்ப்பது கதைத்தலைவனின் உடல்வழியே. அவ்வுடலில் பெண்மை முதலில் தோன்றுமிடம் நகைச்சுவைக்கே பயன்படுகிறது. அசுவின் சரவணனின் ‘மாயா’ (2015) வேறு வழியிற் செல்கிறது. அங்கே ஆவியாகி அலையும் தாயும், தனியே குழந்தை வளர்க்கும் மகளும் எதிரெதிர் வகையினர் அல்லர். பேயோட்டும் வீரன் ஒருவன் வந்து அவர்களைப் பிரிக்கவும் இல்லை. வகைமாந்தரைக் கொண்டே வகையைக் கடக்கலாம் என்பதற்கு இப்படம் எடுத்துக்காட்டாகும்.

அநீதியால் மாண்ட பெண்ணைத் துரத்துவது ஒன்றே தமிழர் அறிந்த வழியன்று. கொங்குநாட்டில் உடன்கட்டை ஏறிய பெண்டிர் வீரமாத்தியராக வணங்கப்படுகின்றனர். மணமாகாது இறந்த பெண்ணை வீட்டுத் தெய்வமாகப் போற்றும் வழக்கமும் தமிழகத்தில் உண்டு. எனினும், வழிபாட்டை நீதி எனக் கொள்ளுதல் தவறு. எரிந்தபின் தொழப்படுவதினும் எரியாது வாழ்தலே பெண்ணுக்கு வேண்டுவது. வழிபாடாயினும் பேயோட்டுதலாயினும், அவள் சொல் கேட்கப்படுவது அவள் இறந்த பின்னரே என்பது இரண்டற்கும் பொதுவான குறையாம்.

இது திரையோடு நின்றுவிடும் செய்தியன்று. சிற்றூர்களில் பேய்பிடித்ததாகக் கூறப்படும் பெண், மாமியார் வீட்டின் கொடுமையை அந்நிலையில்தான் வாய்விட்டுரைக்கிறாள். தன் பெயரால் உரைத்தால் அடங்காதவள் எனப்படுவாள். சேவூரிலிருந்து திருப்பூர் வரை பனியன் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருந்தொகையினராய் உழைக்கின்றனர். இரவு வேலை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு வழியில் வரும் அச்சம் மனிதரைப் பற்றியதேயன்றிப் பேயைப் பற்றியதன்று. அவ்வச்சத்தையும் குறையையும் அவள் தன் வாயால் உரைக்கும்போது கேட்கும் பயிற்சியைக் கதைகள் ஒரு சமுதாயத்திற்குத் தரவும் கூடும், தடுக்கவும் கூடும்.

ஆதலின், பேய்ப்படத்தை ஆராயப் புகும் மாணவர், அதில் பெண்ணுக்கு எத்துணை வலிமை தரப்பட்டுள்ளது என அளத்தல் போதாது. சினம் எவள் வாயில் வைக்கப்பட்டுள்ளது, அது வழக்காகக் கேட்கப்படுகிறதா, நோயாக நீக்கப்படுகிறதா என வினாவுதல் வேண்டும். குலமகள் ஒருத்தி தன் உடலில், தன் பெயரால், தன் மொழியில் சினந்து நின்றதைக் காப்பியமாகப் பாடியது தமிழ். அவ்வளவுகோல் நம்மிடம் இருக்க, அதனினும் குறைந்ததைக் கண்டு நாம் நிறைவடைதல் தகாது.