சொல்லும் செயலும்: மலைநாட்டுத் தோட்டங்களிற் கிறிஸ்தவ வாழ்வு

சமயம் எதுவாயினும் அதன் பெரும்பகை புறத்தே இல்லை. நம்பாதவன் சமயத்தை வெளிப்படையாக மறுக்கின்றான். நம்பியவன்போல ஒழுகுபவனோ அதனை உள்ளிருந்தே அரிக்கின்றான். வள்ளுவர் துறவறவியலிற் 'கூடாவொழுக்கம்' என ஓர் அதிகாரம் வகுத்ததும், இயேசுநாதர் தம் காலத்துப் பரிசேயரை வெள்ளையடித்த கல்லறைகளுக்கு ஒப்பிட்டதும் இதுபற்றியே. இருவரும் கடிந்தது பிற சமயத்தாரை அன்று. தத்தம் நெறியினுள் நின்று வேடம் பூண்டோரையே. இவ்வுண்மையை மறவாது, இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களிற் கிறிஸ்தவம் வாழ்ந்த வரலாற்றை ஆராய்தல் பயனுடையது.

கோப்பிச் செய்கைக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர் மிகப் பலர். எஞ்சி வந்து சேர்ந்தோரிடையே சுவிசேஷம் பரப்புதற்கென 1854ஆம் ஆண்டில் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பெற்றது. கிறிஸ்தவத் துரைமார் சிலர் பொருள் உதவினர். இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த மிஷன் சங்கம் மேற்பார்வையை ஏற்றது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் அழைத்துவரப்பெற்றனர். கடவுள் முன்னிலையில் மாந்தர் யாவரும் ஒரு தந்தையின் மக்கள் என்று போதிக்க எழுந்த இப்பணி, தன் பெயரிலேயே அம்மக்களைக் 'கூலி' என்று குறித்தது. பெயர் இட்டோர் இழிவுபடுத்தும் நோக்கம் கொண்டிருந்தனர் என்பதற்கில்லை. அச்சொல் அவர்களுக்கு உறுத்தவில்லை என்பதே நோக்கற்பாலது.

துரைமார் ஈந்த நன்கொடை அனைத்தும் வஞ்சகம் எனத் தள்ளுதல் நீதியன்று. அவருள் மெய்யான பத்தியுடையோரும் இருந்திருத்தல் கூடும். ஆயினும் கிறிஸ்தவ வேதமே அதற்கு ஓர் உரைகல்லைத் தந்துள்ளது. வயலில் உழைத்தவனுக்குக் கொடாது பிடித்துவைத்த கூலி இறைவன் செவியில் முறையிடும் எனச் செல்வரை எச்சரிக்கின்றது யாக்கோபின் நிருபம். மலைநாட்டிலோ, 19ஆம் நூற்றாண்டில், கூலி பல மாதம் நிலுவையில் நிற்றல் வழக்கமாயிருந்தது. பொறுக்கலாற்றாது வேலையை விட்டு நீங்கியவனைச் சிறையிலிட 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இடந்தந்தது. தொழிலாளரின் கடனை எழுதி அவரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921ஆம் ஆண்டுவரை நிலவிற்று. மிஷனுக்குப் பணம் ஈந்த கையும் கூலியைத் தாமதித்த கையும் ஒன்றாயிருந்த இடங்களில், வேதம் யாரை நோக்கி வாசிக்கப்பட்டது என்ற வினா எழாமற் போகாது.

டிக்கோயாவில், இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கும் வார்லி தேவாலயம் 1878ஆம் ஆண்டில் எழுந்தது. துரைமார் வழிபட்ட ஆலயம் அது. அவருட் பலர் அதன் முற்றத்திலே துயில்கின்றனர். அழகிய கட்டடம், அமைதி குடிகொண்ட இடம். எனினும் அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிற் கொழுந்து கொய்தவர் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராக்களிற் குடும்பத்தோடு முடங்கினர். கொழுந்தின் நிறை குறைந்தவிடத்து அன்றைய 'பேர்' முழுதாக விழாது, 'அரைப்பேர்' போடப்படும், கூலியும் பாதியாகும். ஞானஸ்நானம் பெற்றவளுக்குத் திருச்சபை முழுப்பெயர் ஒன்று சூட்டிற்று. செக்ரோலோ அவளுக்கும் அரைப்பேரையே எழுதிற்று. சமயப் போலி குடியேறும் இடம் இவ்விரு ஏடுகளுக்கும் இடைப்பட்ட வெளியே ஆகும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். ஆன்ம ஈடேற்றம் உரைக்க வந்தவரிடம் கூலிக்கணக்குக் கேட்டல் முறையோ எனின், முறையே. ஆன்மாவை உடலினின்றும் பிரித்துப் பேசும் உரிமையைக் கிறிஸ்தவம் தானே கைவிட்டது. பசித்தவனுக்கு அளித்த உணவை ஆண்டவனுக்கே அளித்ததாகக் கொள்வது அச்சமயம். தான் வகுத்த அளவையால் தன்னை அளக்கும்போது அது குறைகூறற்கு இடமில்லை.

இதற்கு மறுதலையாக, மெய்ந்நம்பிக்கையும் அம்மலைகளில் வாழ்ந்தது. லயம் லயமாக நடந்து, தமிழிலே பேசி, எழுத்தறியாப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த உபதேசிமாரை மறத்தல் நன்றிகோறலாகும். மெதடிஸ்த சபையார் அட்டனில் நிறுவிய ஹைலன்ட்ஸ் கல்லூரியிற் பின்னாளிற் சைவப் பிள்ளைகளும் கற்று உயர்ந்தனர். மேலும், 'சோற்றுக்காகச் சமயம் மாறினர்' என்ற வசை தோட்டங்களிற் பெரிதும் பொருந்தாது. பள்ளிக்கூடத்தால் விளைந்த நலம் ஒருபுறமிருக்க, மதம் மாறிய கொழுந்துக்காரியின் கூடை இலேசாகவில்லை, லயம் அகலவில்லை. தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலார் அன்றும் இன்றும் சைவராகவே உள்ளனர். ஆதாயம் பெரிதில்லாத இடத்தே, உறவினர் கோடிக்கும் மாரியம்மன் திருவிழாவைப் பிரிந்து, சிறுபான்மையாய் நின்று செபித்தவரின் நம்பிக்கையைப் போலி என்று எவரும் எளிதிற் கூறலாகாது. வேடம் பயன் கருதியது. பயனில்லாவிடத்து அது நெடுநாள் நில்லாது.

ஆயினும் கூலியைத் திருத்தியது பிரசங்கமேடை அன்று. இந்திய அரசின் வற்புறுத்தலும் தொழிலாளர் பொருட்டு எழுந்த கிளர்ச்சியும் 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்துக்கு வழிகோலின. அதன்படி உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் குறைந்த கூலியாக வகுக்கப்பட்டன. மிஷன் தோன்றி எழுபது ஆண்டு கடந்த பின்னரே இத்துணையும் கிடைத்தது. பெண்ணின் கூலி ஆணின் கூலிக்கு நிகராதற்கு 1984ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்கள் நாடற்றவராயினர். அவர்தம் துயரைத் தம் துயராகக் கொண்ட கிறிஸ்தவருட் குறிப்பிடத்தக்கவர் இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் அடிகள். 1972ஆம் ஆண்டிற் கண்டியில் அவர் தொடங்கிய 'சத்தியோதய' நிலையம் சிங்களவரையும் தமிழரையும், பல சமயத்தாரையும் ஒருங்கு சேர்த்தது. ஆள் சேர்ப்பதை விடுத்து, தோட்ட மக்களின் குடியுரிமை, கூலி, வீடு என்பனபற்றி ஆராய்தலும் எழுதுதலும் வாதாடுதலும் அதன் பணியாயின. 2017ஆம் ஆண்டில் அடிகள் மறைந்தார். 1854க்கும் 1972க்கும் இடையே வேதம் மாறவில்லை. அதனை வாசித்த இடமே மாறிற்று. பங்களாவின் விறாந்தையிலிருந்து வாசித்தபோது ஆறுதலாகத் தோன்றிய அதே நூல், லயத்து வாயிலிலிருந்து வாசித்தபோது கடமையாகத் தோன்றியது.

இவற்றைக் கற்கும் சைவ மாணவர் உவகை கொள்ளுதற்கு ஏதுமில்லை. ஆறுமுக நாவலர் (1822–1879) பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத் தமிழாக்கத்துக்கு உதவியவர்; பின் மிஷனரிமாரைக் கண்டித்தவர். எனினும் நல்லூர்க் கோயிலில் ஆகம நெறி பிறழ்ந்தபோது தம்மவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்நேர்மையை மலைநாட்டின்மேற் செலுத்தினால் தோன்றுவது யாது? மாரியம்மனுக்குத் திருவிழா எடுத்த பெரிய கங்காணியே துண்டிற் கடனை ஏற்றி எழுதினான். தேர் வடத்தைத் தொடும் உரிமையிற் சாதி பார்த்தான். அவன் நெற்றியில் நீறு துலங்கிற்று. செபப்புத்தகத்தின் மறைவில் நடந்தது திருநீற்றின் மறைவிலும் நடந்தது.

ஆதலின் மெய்யடியாரையும் வேடதாரியையும் பிரித்தறிதற்கு ஆலயவாயில் ஏற்ற இடமன்று. அங்கே இருவரும் ஒரேவிதமாகக் கைகூப்புவர். கொழுந்து நிறுக்கும் தராசடியிலே அவர் வேறுபடுவர். எச்சமயத்தவராயினும் அங்கே நேர்மையாய் நிறுத்தவரே தம் கடவுளை நம்பியவர்.