மறந்துபோன கனவுகளின் குகை – ஆவணப்படத் திறனாய்வு

பிரான்சின் லாஸ்கோ குகையில் பார்வையாளர்களின் மூச்சுக்காற்றாலும் விளக்கொளியாலும் ஓவியச் சுவரில் பாசி படர்ந்தது. 1963இல் அக்குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அந்தப் பட்டறிவால், 1994 டிசம்பர் 18இல் ஆர்தேஷ் பகுதியில் கண்டறியப்பட்ட ஷோவே குகை மக்களுக்குத் திறக்கப்படவே இல்லை. 30,000 ஆண்டுகளுக்கும் பழமையான அதன் ஓவியங்களைக் காண உலகத்தாருக்கு வாய்த்த வழிகளில் முக்கியமானது, ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் 2010இல் எடுத்த இந்த ஆவணப்படம்.

படத்தின் சிறப்பு

நான்கே பேர் கொண்ட குழு, வெப்பம் உமிழாத சிறு விளக்குகள், சுமார் இரண்டடி அகல இரும்பு நடைபாதை. இந்தக் கட்டுப்பாடுகளே படத்துக்கு வலிமை சேர்த்தன. விளக்கு நகரும்போது சுவரின் நிழலும் நகர்கிறது. தீப்பந்த ஒளியில் இவ்விலங்குகள் எப்படித் தோன்றியிருக்கும் என்பது புரிகிறது. எட்டுக் கால்களுடன் வரையப்பட்ட காட்டெருமை ஓடுவதுபோலவே தெரிகிறது. பாறையின் மேடுபள்ளத்தை ஓவியர்கள் பயன்படுத்திக்கொண்டதால், முப்பரிமாணப் படப்பிடிப்பு இங்கே வெறும் அலங்காரம் அன்று. கைப்பேசியில் பார்க்கும் மாணவருக்கு அந்தப் புடைப்பு கிடைக்காது; நகரும் ஒளி மட்டும் மிஞ்சும்.

குறைகள்

குகைக்குள் அமைதியைக் கேட்கச் சொல்லும் காட்சியில், பின்னணியில் இதயத் துடிப்பின் ஒலி சேர்க்கப்பட்டுள்ளது. அமைதியே போதுமானதாக இருந்திருக்கும். இயக்குநரின் விளக்கவுரையும் இசையும் பல இடங்களில் ஓவியத்தை முந்திக்கொண்டு, பார்ப்பவர் என்ன உணர வேண்டும் என்று சொல்லிவிடுகின்றன. இறுதியில் வரும் வெள்ளை முதலைகள் பகுதி சிந்தனையைத் தூண்டினாலும், குகையிலிருந்து கவனத்தை விலக்குகிறது.

நம் பகுதியிலிருந்து பார்த்தால்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் ஏரிப்பாசனச் சமவெளி. அங்கே ஓவியக் குகைகள் இல்லை. ஆனால் அண்டையிலுள்ள விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்வாலை, செத்தவரை, ஆலம்பாடி ஆகிய ஊர்களில் பாறை ஓவியங்கள் உள்ளன. காலத்தால் இவை ஷோவேக்கு மிகவும் பிந்தியவை. ஷோவேயில் சிங்கமும் காண்டாமிருகமும் குதிரையும் நிறைந்திருக்க, மனித உருவம் அரிதினும் அரிது. கீழ்வாலையிலோ செந்நிற மனித உருவங்களே முதலில் கண்ணில் படுகின்றன.

ஷோவேக்குப் பூட்டிய கதவு உண்டு. நம் பாறைகள் வெயிலிலும் மழையிலும் திறந்தே கிடக்கின்றன. ஓவியம் தெளிவாகத் தெரியத் தண்ணீர் ஊற்றுவதும், சாக்கட்டியால் கோடு வரைவதும், பெயர் கிறுக்குவதும் அவற்றை அழிக்கும். ஷோவே ஓவியங்கள் காக்கப்பட்டுவிட்டன. அவற்றைக் காட்டவே படம் தேவைப்பட்டது. இங்கே நிலைமை வேறு. ஓவியம் மங்குவதற்குள் பதிவு செய்வதே முதல் வேலை. அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. தொடாமல், ஓவியத்தின் மேல் எதையும் ஊற்றாமல், பக்கவாட்டு ஒளியில், அளவுகோல் வைத்து நிதானமாக எடுத்த பள்ளி மாணவரின் காணொளியும் நாளைய ஆய்வுக்குச் சான்றாகும். மாணவர்கள் இப்படத்திலிருந்து கற்க வேண்டியது ஹெர்சாக்கின் உரையை அன்று. அவரது குழு அந்த நடைபாதையை விட்டு இறங்காமல் வேலை செய்த பொறுமையை.