மூச்சு வாங்குவதும் உயிர் போவதும்

முப்பது வருஷம் பஜாஜ் சேத்தக் ஓட்டியவனுக்கு, வண்டி ஒருதரம் திணறிய மாத்திரத்தில் கை தானாகவே இருக்கைக்குக் கீழே இறங்கிப் பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பிவிடும் பழக்கம் உடம்போடு ஊறிப்போயிருக்கும். அந்தக் கையோடுதான் ஆறு வாரங்களாகச் செகந்திராபாத்தின் மேற்கு மாரேட்பள்ளியிலிருந்து பேகம்பேட்டைக்கும் திரும்பவுமாக, இரண்டு பேட்டரி வைத்த மின்சார ஸ்கூட்டர் ஒன்றில் பிரயாணம் செய்துவருகிறேன். இதற்கு ரிசர்வுக் குழாய் கிடையாது. அதன் ஸ்தானத்தில், ராணிகஞ்சுக் கடையொன்றில் வாங்கிப் பொருத்திய உள்ளங்கையளவுப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. முதல் பேட்டரியின் வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழுந்ததும் அதைக் கழற்றிவிட்டு இரண்டாவதை இணைப்பதே அதன் உத்தியோகம்.

இரட்டைப் பேட்டரி புதுமையன்று. தைவானின் கொகோரோ 2015-லும் நம் நாட்டு விடா 2022-லும் அப்படித்தான் வந்தன. என் வண்டியின் வேகத்தையும் விளக்கையும் பற்றிச் சொல்லப் புகுவது வீண். எல்லா வண்டிகளுக்கும் இருப்பது இதற்கும் இருக்கிறது. பேச வேண்டியது அந்தப் பெட்டியின் சுபாவத்தைப் பற்றித்தான்.

முதல் வாரங்களில், பேகம்பேட்டை மேம்பாலத்தில் ஏறும்போதெல்லாம், பேட்டரியில் பாதிக்குச் சற்றே குறைவாகச் சார்ஜ் மிஞ்சியிருக்கையிலேயே, இருக்கைக்கு அடியில் 'டக்'கென்று ஓர் ஓசை எழும். ஒரு விநாடி வண்டிக்கு இழுவை அற்றுப்போகும். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனால் தம் அபிப்பிராயத்தைத் தெரிவிப்பார். வீட்டுக்கு வந்து மீட்டர் வைத்துப் பார்த்தால், 'காலி' என்று தள்ளப்பட்ட பேட்டரி 47 வோல்ட்டைச் சாவதானமாகக் காட்டும். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "சார், அது வோல்ட்டைத்தான் பார்க்குது, சார்ஜைப் பார்க்கலை" என்று அவர் ஒரே வாக்கியத்தில் வியாதியைச் சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். 13 செல் அடுக்கிய 48 வோல்ட் பேட்டரி, நிறைந்திருக்கும்போது 54.6 வோல்ட், பாதுகாப்புச் சுற்று அதை முற்றாக நிறுத்துவது 39 வோல்ட் அருகில். பெட்டி கடையிலிருந்து வரும்போதே 44-ல் மாறும்படி வைக்கப்பட்டிருந்தது. சமதரையில் அது நியாயமான எல்லையே. ஆனால் மேட்டில் மோட்டார் 35 ஆம்பியர் இழுக்கையில், பேட்டரியும் வயர்களுமாகச் சேர்ந்து 0.1 ஓம் தடை இருந்தாலே, மூன்றரை வோல்ட் அந்த க்ஷணத்தில் காணாமல் போகிறது; ஏற்றம் முடிந்ததும் அது திரும்பிவிடுகிறது. மூச்சு வாங்குவதை உயிர் போவதாக எண்ணிப் பாடை கட்டும் வைத்தியனைப் போல, பெட்டி நல்ல பேட்டரியை ஒதுக்கிவிடுகிறது.

அந்த ஒரு விநாடி இடைவெளியை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். நிறைந்த பேட்டரியையும் இறங்கிய பேட்டரியையும் ஒரு கணம் நேரடியாகச் சேர்த்துவிட்டால், 10 வோல்ட் வித்தியாசமும் இரண்டுக்கும் நடுவே 0.2 ஓம் தடையும் இருந்தால் போதும், 50 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். ஆகையால் பழையதை விட்டபிறகே புதியதைப் பிடிப்பதுதான் விவேகம். 2022 செப்டம்பர் 12 இரவு, இதே செகந்திராபாத்தில், மின்சார இருசக்கர வாகன ஷோரூம் ஒன்றில் பற்றிய தீயின் புகை மேலிருந்த விடுதியில் ஏறி எட்டுப் பேர் மாண்டதை அறிந்த ஊர்க்காரன் எவனும், இந்த விஷயத்தில் ஒரு விநாடித் தாமதத்துக்கு முகம் சுளிக்கமாட்டான்.

முகம் சுளிக்க வைப்பவை வேறு இரண்டு. ஒருமுறை மாறிய பெட்டி, சாவியை அணைத்துப் போடும்வரை பழைய பேட்டரிக்குத் திரும்பாது. இரண்டுக்கும் இடையே ஊசலாடாமலிருக்க அது உத்தமமான ஏற்பாடு. ஆனால் பாரடைஸ் சிக்னலில் பெட்ரோலை மிச்சம் பிடித்தே வளர்ந்த நான், சிவப்பைக் கண்டதும் சாவியைத் திருப்பிவிடுகிறேன். பச்சை விழுந்து கிளம்பினால் பெட்டி மறுபடி முதல் பேட்டரியைப் பிடித்து, அடுத்த ஏற்றத்தில் மறுபடி 'டக்'. இரண்டாவது, மாறும் வோல்டேஜையும் காத்திருக்கும் நேரத்தையும் திருத்தும் இரண்டு சின்னத் திருகுகள் பெட்டிக்குள்ளேயே இருந்தும், 'பிரித்தால் வாரண்டி இல்லை' என்ற ஸ்டிக்கரை அவற்றின்மேல் ஒட்டியிருப்பது. பூட்டையும் கொடுத்து, சாவியைப் பூட்டுக்குள்ளேயே போட்டுக் கொடுப்பதற்கு இது சமானம்.

நான்காம் வாரம் ஸ்டிக்கரைக் கிழித்தோம். எல்லையை 42 வோல்ட்டுக்கு இறக்கி, அந்த அளவுக்குக் கீழே தொடர்ந்து 12 விநாடி இருந்தாலன்றி மாறக்கூடாது என்று வைத்து, அந்த 12 விநாடியும் கூவும்படி ஒரு பஸரையும் எலக்ட்ரீஷியன் பற்றவைத்துக் கொடுத்தார். அன்று தொட்டு மேம்பாலத்தில் பெட்டி வாய் திறக்கவில்லை. முதல் பேட்டரி பெரும்பாலும் வீட்டுத் தெருவுக்கு வந்தபிறகே ஓய்கிறது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்கலாம், ஆனால் கடைக்காரரிடம் காத்திருப்பு நேரத்தைத் திருத்த வழியுண்டா என்று முதலில் கேளுங்கள், மாறுமுன் சத்தம் கொடுக்குமா என்று அடுத்துக் கேளுங்கள், இரண்டுக்கும் இல்லையென்றால், சுவிட்ச் ஒன்றைப் பொருத்திக் கையால் மாற்றிக்கொள்ள முடியாத வண்டிக்கு என்ன அவசரம்? நேற்று பஸர் கூவியபோது என் வலது கை இருக்கைக்குக் கீழே போய், அங்கே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது.