குரலும் கருவியும்: திரைப்பட ஒலிப்பதிவும் யதார்த்தவாதமும் பற்றிய ஒரு நோக்கு

திரைப்படத்தைக் காட்சிக்கலை என்று கூறுவது நம்மிடையே நிலைபெற்றுவிட்ட வழக்கு. நமது திரைப்பட விமர்சனங்களும் பெரும்பாலும் இவ்வழக்கிற்குக் கட்டுப்பட்டனவாகவே உள்ளன. கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, இசை என்பன குறித்து விரிவாக எழுதும் நாம், திரையில் ஒருவர் வாய்திறந்து பேசும்போது அப்பேச்சு எங்கே, எவரால், எக்கருவியின் துணைகொண்டு பதியப்பட்டது என்று வினவுவதில்லை. இவ்வினாவைத் தொழில்நுட்பவியலாளருக்கு உரியதென ஒதுக்கிவிடுகிறோம். ஆயின் ஒடுக்கப்பட்டோரின் பேச்சு கலையில் இடம்பெறுவது எங்ஙனம் என்பது முற்போக்கு விமர்சனத்தின் அடிப்படை வினாக்களுள் ஒன்றெனின், அப்பேச்சைப் பதியும் கருவியின் வரலாறும் நமது ஆய்வுக்கு உரியதேயாகும்.

படப்பிடிப்புத் தளத்தில் ஒருவர் தோளில் மாட்டிச் செல்லத்தக்க ஒலிக்கலப்பு–ஒலிப்பதிவுக் கருவியை இக்கட்டுரை ஆய்வுப்பொருளாகக் கொள்கிறது. கருவி எளிமையடைந்தமையால் குரலற்றோர் குரல் பெற்றுவிட்டனர் என்பாருளர். கலைஞனின் நோக்கே முக்கியம், கருவி வெறும் துணைப்பொருள் என்பாருமுளர். முதலாவது பொறியியல் நிர்ணயவாதம், இரண்டாவது கருத்துமுதல்வாதம். இவ்விரண்டும் உற்பத்திக் கருவிக்கும் உற்பத்தி உறவுக்குமிடையிலான முரணியக்கத்தைக் காணத் தவறுகின்றன.

1

ஒலிப்படத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒலிப்பதிவு என்பது கனத்த மூலதனத்தின் செயலாகவே இருந்தது. ஒளியியல் முறையில் ஒலியைப் பதியும் பொறிகள் கலையகத்தினுள்ளே நிலைகொண்டிருந்தன. வெளியே கொண்டுசெல்வதாயின் தனி வாகனம் வேண்டும். இத்தடையை மீறிச் சுரங்கத்தினதும் உருக்காலையினதும் ஓசையைத் தேடிச் சென்றவர் சோவியத் நெறியாளர் சீகா வேர்த்தோவ். தொன்பாஸ் பிரதேசத்தை நிலைக்களனாகக் கொண்டு அவர் ஆக்கிய 'உற்சாகம்' 1931இல் வெளிவந்தது. தொழிலின் ஓசையையே இசையாக அமைத்த முன்னோடி முயற்சி அது. ஆயினும் அங்கு நாம் கேட்பது பெரும்பாலும் பொறியின் ஓசையையே; பொறியை இயக்குபவன் உரையாடுவதைக் கேட்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

1935இல் பிரித்தானியாவில் எட்கார் அன்ஸ்ரியும் ஆதர் எல்ரனும் ஆக்கிய 'வீட்டுப் பிரச்சினைகள்' என்னும் ஆவணப்படத்தில், இலண்டன் ஸ்ரெப்னிச் சேரிவாசிகள் தமது வீட்டில் நின்றவாறே கமராவை நோக்கிப் பேசினர். எலிகளைப் பற்றியும் இடிந்த சுவர்களைப் பற்றியும் தமது சொந்த வழக்கிலேயே கூறினர். இது ஒரு திருப்பமே. எனினும் அப்படத்திற்குப் பணம் வழங்கியது எரிவாயு வர்த்தகச் சங்கம். சேரியை இடித்துப் புதுமனை கட்டினால் எரிவாயு விற்பனையாகும். ஏழையின் குரல் உண்மையானது. அக்குரல் கேட்கப்பட்ட காரணமோ சந்தையினுடையது. குரல் பதியப்படுதலும் குரலுக்குரியவன் உரிமை பெறுதலும் ஒன்றல்ல என்ற பாடத்தைத் தொடக்கத்திலேயே இப்படம் புகட்டுகிறது.

2

இக்கனத்தைக் குறைத்தவர்களுள் முதன்மையானவர் ஸ்ரெபான் குடெல்ஸ்கி. 1929இல் வார்சோவிற் பிறந்து, போர்க்காலத்தில் குடும்பத்துடன் இடம்பெயர்ந்து, சுவிற்சர்லாந்தின் லோசானில் பொறியியல் கற்றவர். 1951இல் அவர் ஆக்கிய முதற் கருவி, கடிகாரம்போல் வில்விசையால் இயங்கியது. அதற்கு அவர் இட்ட பெயர் 'நாக்றா'. அவரது தாய்மொழியாகிய போலிஷ் மொழியில் 'அது பதிவுசெய்யும்' என்பது இதன் பொருள். 1950களின் இறுதியில் வெளிவந்த மூன்றாவது வடிவம் திரான்சிஸ்ரர்களையும் பன்னிரண்டு உலர் மின்கலங்களையும் கொண்டு இயங்கியது. நிறை ஏறத்தாழ 6, 7 கிலோகிராம். வாகனத்தில் இருந்த ஒலிப்பதிவு தோளுக்கு இறங்கிற்று.

நிறை குறைந்தமை மட்டும் போதியதன்று. கமராவில் ஓடும் படச்சுருளுக்குத் துளைகள் உண்டு. ஒலிநாடாவுக்கு அவை இல்லை. நாடா சற்றே நழுவினும் நீளினும் உதட்டசைவும் சொல்லும் விலகிப்போகும். இதற்குத் தீர்வாக, கமராவின் இயக்கத்தினின்று பிறக்கும் ஒரு சைகை, பேச்சுடன் சேர்த்து நாடாவிற் பதியப்பட்டது. பின்னர் நாடாவை மீட்கும்போது அச்சைகையை அளவாகக் கொண்டு வேகம் சீர்செய்யப்பட்டது. தொடக்கத்தில் கமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் ஒரு கம்பி பிணைத்திருந்தது. குவாட்ஸ் படிகத்தால் இரண்டின் வேகமும் தனித்தனியே கட்டுப்படுத்தப்பட்டபோது அக்கம்பியும் நீங்கிற்று. படம் பிடிப்பவரும் ஒலி பதிபவரும் ஒருவரையொருவர் விட்டு விலகி நடக்கலாயினர்.

1960இல் பாரிசில் ஜான் றூஷும் எட்கார் மோரனும் படமாக்கி, 1961இல் வெளியிட்ட 'ஒரு கோடைகாலக் குறிப்பேடு' இவ்விலகலின் பொருளை உணர்த்தும். நாசிகளின் முகாமிலிருந்து மீண்ட மார்செலின் லொறிடான், நாக்றாவைத் தாமே சுமந்தவாறு நகரின் வெறிச்சோடிய வெளியில் நடக்கிறார். மீளாத தந்தையுடன் தாழ்ந்த குரலிற் பேசுகிறார். கமராவோ வண்டியொன்றில் அவரை விட்டுப் பின்னகர்ந்துகொண்டே செல்கிறது. உருவம் சிறுக்கிறது, குரலோ நம் செவியருகிலேயே நிற்கிறது. கண் காணும் தூரமும் செவி கேட்கும் தூரமும் வேறுபடுகின்றன. பேசுபவரே பதிபவராகவும் இருக்கும் இக்கணத்தில், நேர்காண்பவர் நேர்காணப்படுபவர் என்ற படிநிலை சிறிது நேரமேனும் தளர்கிறது. படத்தின் இறுதிப் பகுதியில், பங்குபற்றியோர் தம்மைத் தாமே திரையிற் கண்டு, இது உண்மையா நடிப்பா என்று விவாதிப்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கது.

இவ்விடத்து இயற்பண்புவாதத்திற்கும் யதார்த்தவாதத்திற்குமுள்ள வேறுபாட்டை நினைவுகூர்தல் பொருந்தும். உள்ளதை உள்ளவாறே அடுக்கிக் காட்டுதல் இயற்பண்புவாதம். உள்ளவற்றின் உறவுகளையும் அவை இயங்கும் திசையையும் புலப்படுத்துதல் யதார்த்தவாதம். 'விவரித்தலா, எடுத்துரைத்தலா' என லூக்காச் 1936இல் எழுப்பிய பிரச்சினையும் இதுவே. உதட்டசைவுக்கு இம்மியும் பிசகாத ஒலி இயற்பண்புவாதத்திற்குப் போதும். யதார்த்தவாதம் அதற்கு அப்பாலும் ஒன்றை வேண்டி நிற்கிறது.

3

அது யாது என்பதை 1968இன் பிரான்சிய அனுபவம் தெளிவாக்கும். அவ்வாண்டு யூன் 10ஆம் நாள், பாரிசின் புறநகராகிய சென்-உவானில் உள்ள 'வொண்டர்' தொழிற்சாலையின் வாயிலில் திரைப்பட மாணவர் சிலர் ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் கொண்ட ஒரு காட்சியைப் பதிந்தனர். வேலைநிறுத்தம் முடிந்து தொழிலாளர் திரும்பும் வேளை. இளம் பெண்ணொருத்தி, தான் உள்ளே செல்லப்போவதில்லை என்று கதறுகிறாள். உடலெங்கும் படியும் கரிய அழுக்கைப் பற்றிக் கூறுகிறாள். சூழநின்ற தொழிற்சங்கத்தவர், வெற்றியைப் படிப்படியாகவே பெறவேண்டும் என்று அவளைத் தேற்றுகின்றனர். பல குரல்கள் ஒன்றன்மேலொன்று விழுகின்றன. ஒலிவாங்கி அவற்றுள் ஒன்றையேனும் தூய்மைப்படுத்தவில்லை. அக்குழப்பமே அன்றைய வர்க்க நிலைமையின் வடிவம் எனலாம்.

அத்தொழிற்சாலை உற்பத்தி செய்த பொருள் உலர் மின்கலம். அவளுடைய கைகளைக் கருக்கியது மின்கலத்தை நிரப்பும் மங்கனீசு ஈரொட்சைட்டும் கரித்தூளும் கலந்த பொடி. கையடக்க ஒலிப்பதிவுக் கருவியை மின்சுவரினின்று விடுவித்தது எதுவோ, அதே பண்டத்தை ஆக்கும் கைகளே அன்று அக்கருவியின் முன் வந்து நின்றன. கருவியின் சுதந்திரத்திற்குள் எவருடைய உழைப்பு உறைந்து கிடக்கின்றது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று அரிது. 1990களில் ஏர்வே லெ றூ என்னும் நெறியாளர் அப்பெண்ணைத் தேடி 'மீளெடுப்பு' என்ற நீண்ட படத்தை ஆக்கினார். அன்று உடன் நின்றோர் பலரைக் கண்டார், அவளைக் காணவில்லை. குரல் எஞ்சியது, குரலுக்குரியவள் மறைந்துபோனாள்.

இதற்கு மாறான ஓர் அனுபவம் பெசான்சோன் நகரத்தது. றோடியாசேற்றா செயற்கையிழை ஆலையில் 1967இல் நிகழ்ந்த வேலைநிறுத்தம் பற்றிக் கிறிஸ் மார்க்கர், மாரியோ மறே ஆகியோர் ஒரு படத்தை ஆக்கினர். 1968இல் அது தொழிலாளர் முன் காட்டப்பட்டபோது அவர்கள் நன்றி கூறி அமைந்துவிடவில்லை. தம்மை அது கற்பனாவாதப் பாங்கிற் காட்டுவதாகக் குற்றஞ்சாட்டினர். அவ்விவாதம் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. 'பிணைச்சல்' எனப் பொருள்படும் பெயருடன் அறியப்பட்ட அப்பதிவில் காட்சி இல்லை. குரல்கள் மட்டுமே உண்டு. அதன்பின் அந்துவான் பொன்பான்ரி முதலிய தொழில்வல்லுநரிடம் ஒலிப்பதிவையும் படத்தொகுப்பையும் பயின்ற தொழிலாளர், சோவியத் நெறியாளர் மெத்வெத்கினின் பெயரால் ஒரு குழுவை அமைத்துத் தாமே படம் எடுத்தனர். முதற் படத்தில் கணவனருகே அமர்ந்து தயங்கிப் பேசிய பெண், தொழிலாளர் ஆக்கிய 'போராட்ட வகுப்பு' என்னும் படத்தில் தொழிற்சங்கச் செயற்பாட்டாளராக நிமிர்ந்து பேசுகிறார். ஒலிவாங்கி கைமாறியபோது குரலின் தொனியும் மாறிற்று.

வானொலியை ஒருவழி வழங்கற் சாதனமாக வைத்திராது, கேட்போர் பேசவும் இடமளிக்கும் தொடர்புச் சாதனமாக்க வேண்டுமெனப் பிறெஹ்ற் 1932இல் கோரினார். பெசான்சோனில் நடந்தது அக்கோரிக்கையின் நடைமுறை. 1973–74இல் அமெரிக்காவின் கென்ரக்கி மாநில நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது நெறியாளர் பார்பரா கொப்பிள் தாமே ஒலிப்பதிவாளராகவும் நின்று 'ஹார்லன் கவுண்டி' என்ற படத்தை ஆக்கியமையையும் இதனோடு வைத்து நோக்கலாம். மறியலில் நிற்பவர் எதிர்கொண்ட அடியையும் துப்பாக்கியையும் பதிபவரும் எதிர்கொண்டார். ஒலியைப் பதிதல் அங்கு பக்கஞ்சார்தலாகவே அமைந்தது.

4

நாக்றாவின் தொடக்க வடிவங்கள் ஒற்றைத்தடம் கொண்டவை. பல ஒலிவாங்கிகள் இருப்பினும் அவற்றைத் தளத்திலேயே கலந்து ஒரு தடத்திற்குள் அடக்கவேண்டும். எவரைக் கேட்பது, எவரை விடுவது என்னும் தீர்மானத்தை ஒலிப்பதிவாளர் அக்கணத்திலேயே, தம் விரல் நுனியால் எடுத்தார். அமெரிக்க நெறியாளர் றொபேட் ஒல்ற்மன் 'நாஷ்வில்' (1975) முதலிய படங்களில் நடிகர்க்குத் தனித்தனி ஒலிவாங்கி அணிவித்து எட்டுத் தடங்களிற் பதிவித்தார். நாயகன் பேச ஏனையோர் வாய்மூடி நிற்கும் நாடக மரபு அங்கே உடைந்தது. குரல்களின் சனநாயகம் ஒன்று தோன்றிற்று. ஆயினும் எக்குரல் மேலெழும் என்ற தீர்மானம் தளத்தினின்று நீங்கி, பிந்திய கலப்பு அறைக்குச் சென்றது என்பதையும் மறத்தலாகாது.

இன்றைய எண்ணியற் கருவிகள் இப்போக்கினை அதன் எல்லைவரை கொண்டுசென்றுள்ளன. தோளில் தொங்கும் ஒரு பெட்டியே கலப்பியாகவும் பதிவியாகவும் அமைந்து, பல ஒலிவாங்கிகளைத் தனித்தனித் தடங்களிலும், அவற்றின் கலவையை வேறு தடங்களிலும், நேரக் குறியீட்டுடன் பதிகிறது. இவற்றிற் சிலவற்றில் தன்னியக்கக் கலப்பும் உண்டு. டான் டூகன் 1970களில் வகுத்த முறைப்படி, மொத்த மிகைப்பு மாறாதிருக்க, பேசுபவரின் ஒலிவாங்கிக்குப் பங்கு கூட்டியும் ஏனையோருக்குக் குறைத்தும் கருவி தானே பங்கிடுகிறது. இதனை முதலாளித்துவச் சமுதாயத்தின் குறியீடென உடனே முடிவுகட்டுதல் எளிது. ஆயினும் அது மேம்போக்கான விமர்சனமாகும். தன்னியக்கப் பங்கீடு கலவைத் தடத்தையே பாதிக்கிறது. தனித்தடங்கள் சேதமின்றி உள்ளன. மௌனமாக இருந்தவரின் பெருமூச்சும் எங்கோ பதிந்தே கிடக்கிறது. அதனைத் தேடிக் கேட்பதற்கு எவருக்கு நேரமும் ஊதியமும் வழங்கப்படும் என்பதே வினா.

உழைப்பு என்னும் நோக்கிலும் இதனை ஆராய்தல் வேண்டும். மிதவைப்புள்ளி முறையில் 32 பிற்றுக்களிற் பதியும் கருவிகள், ஒலிமட்டத்தை முன்கூட்டியே துல்லியமாக அமைக்கவேண்டிய தேவையைப் பெரிதும் குறைத்துள்ளன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் மட்டம் அமைக்கும் தேவை குறைந்ததும், ஒலிப்பதிவாளரே தேவையில்லை என்று கணக்கிடுகிறது மூலதனம். திறனைத் தொழிலாளியிடமிருந்து பிரித்துப் பொறிக்கும் முகாமைக்கும் மாற்றும் போக்கென ஹரி பிறேவமன் 1974இல் விளக்கியது இதனையே. ஒலிவாங்கியைப் பேசுபவரின் வாய்க்கு எத்துணை அருகில் நிறுத்துவது, காற்றை எங்ஙனம் தடுப்பது, நடுங்கும் ஒரு மனிதரின் முன் எப்போது கோலைத் தாழ்த்துவது என்பவற்றை எப்பிற்றும் தீர்மானிக்காது. அவை மனித உறவு சார்ந்த அறிவு.

5

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின் மையமாயிருந்தது ஒடுக்கப்பட்டோரின் பேச்சுவழக்கு இலக்கியத்திற்கு ஆகுமா என்ற பிரச்சினையே. இழிசனர் வழக்கென எள்ளப்பட்ட மொழி, டானியல், டொமினிக் ஜீவா போன்றோர் எழுத்தில் தன் உரிமையை நிலைநாட்டிற்று. தமிழ்த் திரைப்படத்திலோ இப்போராட்டம் முழுமையாக நிகழவில்லை. இரைச்சல் மிகுந்த கமராக்கள் பரவியதோடு இந்தியத் திரைப்படங்களில் தளத்து ஒலி கைவிடப்பட்டு, பின்னர் அறையிற் குரல் சேர்க்கும் முறை நிலைபெற்றது. ஒருவரின் முகத்திற்கு இன்னொருவரின் குரல் பொருத்தப்படுதல் இயல்பாயிற்று. வட்டாரத்தின் மூச்சும், இழுவையும், பின்னணியிற் கேட்கும் ஊரின் ஓசையும் அவ்வறையின் சுவர்களில் உறிஞ்சப்பட்டன. 2004இல் வெளிவந்த 'விருமாண்டி' போலத் தளத்திலேயே பேச்சைப் பதிந்த படங்கள் இதற்கு விலக்குகளேயன்றி விதியாகவில்லை.

இதனாலேயே கருவியொன்றை வாங்கிவிட்டால் யதார்த்தம் கைகூடும் என்று நாம் கருதலாகாது. சேரிவாசி பேசியபோது எரிவாயுச் சங்கம் இலாபம் கண்டது; மின்கலத் தொழிலாளி கதறியபோது ஆலை வாயில் மீண்டும் மூடிக்கொண்டது. பெசான்சோனில் மட்டுமே பேசியவர் கேட்டு, மறுத்து, கருவியைத் தம் கையில் வாங்கினர். கருவி 7 கிலோவிலிருந்து இன்னும் எத்துணை குறையினும், அதனைச் சுமப்பவர் யார், கலப்பு அறையில் அமர்பவர் யார் என்ற வினாக்களின் கனம் குறைவதில்லை. திரைப்படத்தை இனி விமர்சிக்கப் புகும் நாம், கண்டதை எழுதுவதுடன் அமையாது, கேட்டது யாருடைய குரல், அதனைக் கேட்கச் செய்தது யாருடைய கை என்பதையும் எழுதுதல் வேண்டும்.