ஏழு மாத பைக்: ஜெர்மனியின் பருவத் தகடு குறித்து ஒரு மதிப்பீடு

ஜெர்மனியில் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் நம்பர் பிளேட்டில், வலது ஓரமாக இரண்டு சிறிய எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கும். மேலே 04, கீழே 10 என்றிருந்தால், அந்த வண்டி ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அக்டோபர் கடைசி நாள் வரை மட்டுமே சாலைக்கு வரலாம். நவம்பர் பிறந்துவிட்டால் அதை ஓட்டக்கூடாது. பொதுத் தெருவோரம் நிறுத்தி வைக்கவும் கூடாது. 1997 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்தப் பருவத் தகடு, பனிக்காலத்தில் முடங்கும் பைக்குக்கு எதற்குக் காப்பீடு என்ற கேள்விக்கு ஓர் அரசு சொன்ன பதில். அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி?

அதற்கு முன்பு, குளிர்காலச் செலவை மிச்சப்படுத்த நினைத்தவர் ஆண்டுக்கு இருமுறை பதிவு அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருந்தது. இலையுதிர் காலத்தில் பதிவை நீக்க ஒரு முறை, வசந்தத்தில் மீண்டும் பதிய ஒரு முறை. இரண்டுக்கும் கட்டணம் உண்டு. பருவத் தகடு இந்த அலைச்சலை ஒழித்தது. இரண்டு முதல் பதினொரு மாதம் வரை தொடர்ச்சியான ஒரு காலத்தை ஒருமுறை தேர்ந்துகொண்டால் போதும். ஆண்டுதோறும் அதே மாதங்களுக்கு மட்டும் வரியும் பிரீமியமும் கட்டலாம்.

இதைவிடப் பெரிய சிறப்பு, பலர் கவனிக்காத இடத்தில் இருக்கிறது. பனிக்காலம் சாலை விபத்தை மட்டும்தான் தடுக்கிறது. நிற்கும் பைக்கையும் திருடுவார்கள். கொட்டகை தீப்பிடித்தால் அதுவும் எரியும். அதன் டேங்கிலிருந்து கசியும் பெட்ரோல் பக்கத்து வீட்டுக்காரரின் சொத்துக்கும் சேதம் விளைவிக்கலாம். ஜெர்மானிய ஏற்பாடு இந்த வேறுபாட்டை உணர்ந்து அமைந்தது. ஓடாத மாதங்களில் தனியாகப் பிரீமியம் வாங்காமலே 'ஓய்வுக் காப்பீடு' தொடர்கிறது. பிறருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்பு அதில் அடங்கும். திருட்டு, தீ போன்றவற்றுக்கான பகுதிக் காப்பீட்டை ஏற்கெனவே எடுத்திருந்தால் அதுவும் அடங்கும்.

பிரிட்டனோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். அங்கே வண்டியைச் சாலையிலிருந்து விலக்கிவிட்டதாக அரசுக்கு அறிவித்தால் வரி இல்லை, காப்பீடும் கட்டாயமில்லை. அறிவித்த கையோடு பாலிசியையும் ரத்து செய்பவரின் வண்டி ஜனவரி இரவில் களவு போனால், அந்த இழப்பு முழுவதும் அவர் தலையில்தான். தமிழர் நிறைந்த டொராண்டோவில் கணக்கு வேறு மாதிரி. ஆண்டுப் பிரீமியத்தின் பெரும்பங்கை ஓட்டும் மாதங்களின் மீதே பல நிறுவனங்கள் ஏற்றிவிடுவதால், பனி தொடங்கும்போது ரத்து செய்பவருக்குத் திரும்பி வருவது சொற்பம்.

இனி குறைகள். சேமிப்பு நினைப்பதைவிடச் சிறியது. 600 சிசி பைக்குக்கு ஆண்டு வரியே சுமார் 44 யூரோதான்; ஏழு மாதத் தகட்டால் அதில் மிஞ்சுவது இருபது யூரோவுக்கும் குறைவு. பிரீமியத்தை மிச்சப்படுத்த ஐந்து மாதமாகச் சுருக்கினால் வேறொரு இழப்பு காத்திருக்கிறது. விபத்தில்லாமல் ஓட்டியதற்கான சலுகைப் படியில் அடுத்த ஆண்டு மேலேற, பருவம் குறைந்தது ஆறு மாதமாவது இருக்க வேண்டும். ஓரிரு மாதப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கப்போய் பல ஆண்டுத் தள்ளுபடியைத் தள்ளிப்போடுவது நட்டக் கணக்கு.

அடுத்தது, நாள்காட்டியின் பிடிவாதம். மார்ச் நடுவில் வெயில் அடித்தாலும் 04 தகடுக்காரர் காத்திருக்கத்தான் வேண்டும். மாதங்களை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி பதிவு அலுவலகம், புதுத் தகடு, புதுக் கட்டணம். ஆசைக்கு ஒரு நாள் ஓட்டி விபத்து நேர்ந்தால், அடிபட்டவருக்கு நிறுவனம் கொடுக்கும் இழப்பீட்டில் ஒரு பங்கை ஓட்டியவரிடமே திருப்பிக் கேட்க முடியும்.

எல்லாவற்றையும்விட ஆழமான குறை, ஓய்வுக் காப்பீட்டின் நிபந்தனையில் இருக்கிறது. வண்டி ஒரு கட்டடத்துக்குள்ளோ, வேலியோ சுவரோ சூழ்ந்த இடத்திலோ நிற்க வேண்டும். சொந்த வீடும் கொட்டகையும் உள்ள கிராமத்தவருக்கு இது சிரமமில்லை. பெர்லினில் நான்காம் மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, தெருவையே நிறுத்துமிடமாக நம்பியிருப்பவர் என்ன செய்வார்? மாத வாடகைக்கு ஒரு கேரேஜ் பிடித்தால் சேமிப்பெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். அவர் ஓட்டாத மாதங்களுக்கும் பணம் கட்டி ஆண்டு முழுவதும் பதிவை வைத்திருக்க வேண்டியதுதான். சலுகை மிகவும் தேவைப்படுபவரின் கைக்கே அது எட்டுவதில்லை.

ஆகவே பருவத் தகட்டை நான் நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். நியாயமான ஏற்பாடு என்று சொல்லத் தயங்குவேன். எந்த ஆபத்து குளிரில் அடங்குகிறது, எது அடங்குவதில்லை என்பதைச் சரியாகப் பிரித்தறிந்த சட்டம், எல்லோருக்கும் கொட்டகை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டது. நகராட்சிகள் குறைந்த வாடகையில் வேலியிட்ட குளிர்கால நிறுத்துமிடங்களைத் தந்தால் இந்தக் குறையின் பெரும்பகுதி தீரும். அதுவரை, தகடு வாங்கப்போகிறவர் எந்த மாதங்கள் என்று யோசிப்பதற்கு முன், வண்டி எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். திருடு போன பிறகு நிறுவனம் முதலில் கேட்கப்போவதும் அந்தக் கேள்வியைத்தான்.