கையெழுத்தும் குரலும்

கையெழுத்துப் பிரதி கிடைத்துவிட்டால் உண்மையே கிடைத்துவிட்டது என்று எண்ணும் போக்கு ஆராய்ச்சியாளர்களிடம் வேரோடியிருக்கிறது. காசோலையை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வங்கியில் என் பிழைப்பு. கையெழுத்து பொருந்தினால் பணம் கொடுக்கலாம்; போட்டவர் யோக்கியர் என்று அதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. இந்த வித்தியாசத்தை எனக்குத் துலக்கியவை வேல்ஸ் நாட்டுக் கவிகள் இருவர் விட்டுச்சென்ற தாள்கள். இரண்டும் அபெரிஸ்ட்வித் நகரின் தேசிய நூலகத்தில் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.

ஒருவர் ஆன் கிரிஃபித்ஸ். விவசாயக் குடும்பத்துப் பெண்; வெல்ஷ் மொழியில் பக்திப் பாடல்கள் புனைந்தவர். திருச்சபைப் பதிவேடுகளில் தேடினால் 1776இல் ஞானஸ்நானம், 1804இல் திருமணம், 1805இல் அடக்கம். பிறந்த குழந்தை முதலில் இறந்தது, பிறகு தாய். பதிவேட்டுக்கு அவர் இவ்வளவுதான். அவருடைய சொந்தக் கையெழுத்தில் எஞ்சியிருப்பது ஒரு கடிதம், அதில் எழுதிய ஒரு செய்யுள். மற்ற பாடல்கள் வீட்டுப் பணிப்பெண் ரூத் ஈவான்ஸின் நினைவில் இருந்தவை. ரூத் சொல்லச் சொல்ல, கணவர் ஜான் ஹியூஸ் எழுதிவைத்தார். 1806இல் அச்சேறியபோது பாடல்களில் கைவைத்துத் திருத்தியிருக்கிறார்கள். ஹியூஸின் நோட்டுகள் பிழைத்திருப்பதால்தான் அதை ஒப்பிட்டுக் காண முடிகிறது.

மற்றவர் யோலோ மோர்கானுக் (1747–1826). கல்தச்சர், கவி, ஏடு தேடி அலைந்தவர். இவரிடம் ஆவணப் பஞ்சமே இல்லை. தன் கையால் எழுதியவை கட்டுக்கட்டாக இருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டுக் கவி தாவித் ஆப் குவிலிமின் பாடல்கள் 1789இல் லண்டனில் நூலாக வந்தபோது, பிற்சேர்க்கைக்கென்று இவர் அனுப்பிய பாடல்கள் இவரே கட்டியவை. நூறாண்டுக்கும் மேலாகப் பலர் அவற்றை தாவித்தின் பாடல்களாகவே ரசித்தார்கள். 1926இல் ஜி.ஜே. வில்லியம்ஸ் குட்டை உடைத்தார்.

ஆக, சொந்தக் கையெழுத்து ஏராளமாக உள்ள இடத்தில் பொய். அநேகமாக இல்லாத இடத்தில் மெய். மூலப்பிரதி தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்கிற கறார் ஆராய்ச்சியாளருக்கு ஆன் கிரிஃபித்ஸிடம் மிஞ்சுவது ஒரே ஒரு செய்யுள். பழைய ஏடு என்றதும் கும்பிடுகிறவருக்கு யோலோ போதும்.

அப்படியானால் ஆவணத் தேடலே வீண் என்று சிலர் குதிக்கலாம். நான் அதைச் சொல்லவில்லை. தேடியதால்தான் யோலோ அகப்பட்டார். அதோடு, போலி என்று தெரிந்ததும் அந்தப் பாடல்கள் மட்டமாகிவிடவில்லை, யோலோவின் பாடல்களாயின. யார் எழுதியது என்பது ஒரு கேள்வி, எழுதியது எப்படிப்பட்டது என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை கிடைத்தவுடன் இரண்டாவதை மூட்டைகட்டிவிடுவதுதான் பல்கலைக்கழகத்துப் பழக்கம்.

ஆனின் அந்த ஒற்றைச் செய்யுளின் பயன் வேறு. ரூத்தின் நினைவு வழியாக வந்த அத்தனை பாடல்களையும் உரசிப்பார்க்க அது உரைகல். அதில் கேட்கும் குரல்தான் மற்றவற்றிலும் கேட்கிறதா என்று கேட்டுப்பார்ப்பது காதின் வேலை. பட்டியலின் வேலை அல்ல. விமர்சகன் ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டியது இந்த உரைகல்லுக்காக. கவிதையைப் பற்றிய தீர்ப்பை நூலகச் சிப்பந்தியிடம் வாங்கிவருவதற்காக அல்ல.